பீரங்கிக்குக் குண்டு தூக்குவது யார்?

காஸ்மோடீர் விளையாட்டில் சண்டை சூடுபிடிக்கும்போது எதிரியைப் பார்க்காதீர்கள். உங்கள் கப்பலுக்குள் எட்டிப் பாருங்கள். பீரங்கிக்குப் பின்னால் குட்டிக் குட்டி ஆட்கள் குண்டைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடுகிறார்கள்! ஆயுதங்களின் பலத்தைச் சமன்செய்யும் பேலன்ஸ் என்ற தலைவலி உற்பத்தியாகும் இடமே அவர்கள் ஓடும் அந்தக் குறுகலான நடைபாதைதான்.

வால்ட் டெஸ்ட்லர் பல வருடங்கள் இலவசமாகவே தந்துவந்து, 2022 அக்டோபரில் ஸ்டீமில் ஏர்லி ஆக்ஸஸாக வெளியிட்ட விளையாட்டு இது. அறை அறையாக விண்கப்பலை நாமே கட்டுகிறோம், அதை ஓட்டிக்கொண்டு போய் மோதுகிறோம்.

இப்போது கொஞ்சம் திருட்டுத்தனமாக உள்ளே நுழைவோம். விளையாட்டின் டேட்டா ஃபோல்டரில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு ரூல்ஸ் ஃபைல் உண்டு. நோட்பேடிலேயே திறக்கும். சேதம், தூரம், சுடும் இடைவெளி எல்லாம் வெறும் எண்கள். கை சும்மா இருக்குமா? பீரங்கியின் இடைவெளியைப் பாதியாக்குங்கள். இரட்டிப்பு நாசம்தானே? அதுதான் இல்லை! கையிருப்புக் குண்டுகள் மளமளவென்று தீர்ந்துபோகும். குண்டுத் தொழிற்சாலை கப்பலின் அடுத்த கோடியில் இருந்தால் பீரங்கி வாயைப் பிளந்தபடி காத்துக்கிடக்கும். சரி, ஆட்களைக் கூட்டலாம் என்றால் அவர்கள் தங்க அறை வேண்டும். அறை கூடினால் எடை கூடும். எடை கூடினால் த்ரஸ்டர் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்தை பேட்டரிகளில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இதே ஆட்கள்தான்!

ஆனால் தொழிற்சாலையைப் பீரங்கிக்கு ஒட்டியே வைத்து ஒரு கதவு போட்டவருக்கு அதே எண் அசுர பலம். ஒரே பீரங்கி இங்கே ஓபி (அளவுக்கு மீறிய பலம்), அங்கே ஓட்டை உடைசல். யாரை மனதில் வைத்து அதை நெர்ஃப் செய்வது, அதாவது பலத்தைக் குறைப்பது?

என்னைக் கேட்டால் சேதத்தைவிட ஆபத்தான எண் தூரம்தான். அதைக் கொஞ்சம் கூட்டினால் போதும். வேகமான கப்பல்காரர் பின்வாங்கிக்கொண்டே சுடுவார், துரத்துகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டே சாவார். ரெயில்கன் பரவாயில்லை, தன் வாலில் தானே கட்டுப்பட்டிருக்கிறது: ஆக்ஸிலரேட்டர்களை நேர்கோட்டில் அடுக்க அடுக்கத்தான் குண்டு ஆழமாகத் துளைக்கும், கப்பலோ நீண்டுகொண்டே போகும்.

குறும்புக்கென்றே பிறந்தது அயான் பீம் என்ற கதிர் ஆயுதம். பல கதிர்களை ஒரு ப்ரிஸத்துக்குள் பாய்ச்சினால் ஒரே கொழுத்த கதிராக வெளியே வரும். உமிழிகளைக் கவசத்துக்குப் பின்னால் பத்திரமாக ஒளித்துவிட்டு, முகப்பில் கண்ணாடித் துண்டு ஒன்றை மட்டும் நீட்டலாம். பார்க்கவே புல்லரிக்கும்! எதிரிக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அந்தக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று.