பிக்கப்பை உயர்த்தப் பணத்தைக் கொட்டலாமா?

குளுவாங், லாபிஸ், சிகாமட், கோத்தா திங்கி என்று ஜொகூர் மாநிலத்தின் தோட்டப்புறங்களில் நம்மவர் வீட்டு வாசலில் பழைய பிக்கப் வண்டி ஒன்று நிற்பதைப் பார்க்கிறோம். செம்பனைக் குலை ஏற்றவும், குத்தகை வேலைக்குச் சாமான் கொண்டு போகவும் அதுதான் கைகொடுக்கிறது. வண்டி வாங்கிய மறுவாரமே பட்டறையில் ஒரு பேச்சு கிளம்பும். "அண்ணே, ரெண்டு இஞ்சு தூக்கிட்டா போதும்ணே, எந்த ரோட்லயும் போயிடும்." கேட்கும் காசோ ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு என்று நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் லோரியும் டிராக்டரும் ஓடி ஓடிச் சக்கரத் தடம் பள்ளமாகி, நடுவில் மேடு நின்றுவிடுகிறது. அந்த மேட்டில் முதலில் இடிப்பது எது? பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல். அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் இருப்பதோ அச்சுக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையில். ஆகவே ஸ்பிரிங்கை எத்தனை இஞ்சு உயர்த்தினாலும் உடம்புதான் மேலே போகும்; டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த நம் கைக்கெட்டிய வழி பெரிய டயர் ஒன்றுதான். டயரின் மொத்த உயரம் 2 இஞ்சு கூடினால் அடியில் 1 இஞ்சு இடைவெளி கிடைக்கும். எனவே தேய்ந்த டயரை மாற்றும்போதே, பாரம் தாங்கும் எண்ணைக் குறைக்காமல், ஒரு படி உயரமானதைப் போடுவதே சிக்கனமான வழி. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பாரம் ஏற்றியும் பாருங்கள். டயர் எங்கும் உரசக்கூடாது. டயர் உயர்ந்தால் மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங். பழைய வண்டி தாழ்ந்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்பிரிங் சோர்ந்து போனதுதான். முதிர்ந்த குலை ஒன்று 20 கிலோ என்று வைத்தால் 50 குலைக்கு ஒரு டன். இப்படிச் சுமந்து சுமந்து பட்டை தட்டையாகிவிடுகிறது. அதைத் தட்டி வளைத்துப் போட்டால் வெகு நாள் தாங்காது. பழைய சாமான் கடையில் அதே வகை வண்டியின் நல்ல ஸ்பிரிங் கிடைத்தால், வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். அல்லது ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கலாம். இழந்த உயரம் திரும்ப வந்துவிடும். ஆனால் வண்டி காலியாக ஓடும்போது கொஞ்சம் தூக்கிப் போடும்.

மூன்றாவது, முன்பக்கம். சில பழைய பிக்கப்புகளில் முன்னால் முறுக்குக் கம்பி இருக்கும். டார்ஷன் பார் என்பார்கள். அதன் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயரும். பொருள் செலவே இல்லை. ஆனாலும் ஓர் இஞ்சோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் சக்கர ஜாயின்ட் சாய்ந்து அதன் ரப்பர் உறை கிழியும். முறுக்கிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு இந்த வழி இல்லை.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறோம். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை மேல் கட்டை அடுக்காதீர்கள். பாரத்தோடு பிரேக் பிடிக்கும்போது கட்டை பிதுங்கிக் கொண்டு வரும். மரக்கட்டை வைப்பது உயிரோடு விளையாடுவது. பின்பக்கம் உயர்ந்தால் பிரேக் குழாய் இழுபடும். சில வண்டிகளில் பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்று உண்டு. வண்டி உயர்ந்ததும் அது பாரம் இல்லை என்று எண்ணி, பிரேக்கைக் குறைத்துவிடும். ஆகவே குழாயையும் கருவியையும் சரி செய்யாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். உயரம் கூடக் கூட வண்டி கவிழ்வதும் சுலபம். பின்னால் ஆட்களை ஏற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறதே, அங்கே ஒரு வளைவு போதும், ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

"வெள்ளத்துக்கு உதவுமே" என்பார்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட் வட்டாரம் வாரக் கணக்கில் நீரில் நின்றது. அத்தனை தண்ணீருக்கு நம் 2 இஞ்சு எம்மாத்திரம்! ஓடும் நீர் 60 சென்டிமீட்டர் இருந்தாலே பிக்கப்பையும் இழுத்துப் போய்விடும். வெள்ளத்தில் வண்டியை இறக்காமல் இருப்பதே புத்தி.

இறுதியாகச் சட்டம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஜே.பி.ஜே. என்று நாம் சொல்லும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று, இழப்பீடு கேட்டு நிற்கும்போது கையை விரிக்க இடம் கொடுத்தவர்கள் ஆவோம். செலவு செய்யுமுன் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். நல்ல டயர், சோராத ஸ்பிரிங், சரியான பிரேக்: இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான தோட்டப் பாதைக்குப் போதும். மிச்சப்படும் வெள்ளி பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவட்டும்.