எல்லை கடந்த இதழ்

முத்துக் குளித்தலுக்குச் சங்ககாலந்தொட்டே புகழ்பெற்றது பாண்டிநாட்டுக் கடற்கரை. கொற்கையின் பெருமை மங்கிய பின்னர், அக்கரையின் வணிக மையமாகத் தூத்துக்குடி எழுந்தது. 1906ஆம் ஆண்டில் அத்துறைமுகத்தில் தொடங்கிய ஒரு முயற்சி, ஓர் இதழாசிரியரின் வாழ்க்கையோடு நெருங்கிப் பிணைந்தது. அவர், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்த சி. சுப்பிரமணிய பாரதி. கவிஞராக நாம் நன்கறிந்த பாரதி, வாழ்நாளில் ஊதியம் பெற்றுச் செய்த முதன்மையான தொழில் இதழ்ப்பணியே ஆகும்.

பயிற்சிக் களம்

பாரதி பிறந்த அதே ஆண்டில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கினார். கிழமை இதழாகப் பிறந்த அது, 1899இல் நாளிதழாயிற்று. 1904இன் இறுதியில் பாரதி அதில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் வந்த செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அவரது அன்றாடப் பணி. அரசியலுக்கும் பொருளியலுக்கும் உரிய சொற்கள் தமிழில் நிலைபெறாத காலம் அது. அச்சுக்குப் போகும் நேரத்திற்குள், எளிய மக்களுக்கும் விளங்கும் சொல்லைத் தேடியாக வேண்டும். அவரது உரைநடையின் தெளிவும் விரைவும் இப்பணியில் உரம்பெற்றன. 1905இல் 'சக்கரவர்த்தினி' என்னும் பெண்களுக்கான மாத இதழின் ஆசிரியராகவும் அவர் பொறுப்பேற்றார்.

படம் பேசிய அரசியல்

1906ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் 'இந்தியா' என்னும் கிழமை இதழ் வெளிவரத் தொடங்கியது. மண்டயம் குடும்பத்தினர் பொருளுதவி புரிய, பாரதி அதனை நடத்தினார். தமிழில் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்ட முன்னோடி இதழ் இதுவே. எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராயிருந்த நாளில், ஒருவர் படிக்கப் பலர் கேட்பதே வழக்கம். எழுத்தறியாதவரும் ஒரு படத்தைப் பார்த்த அளவில் அதன் பொருளை உணரலாம். எனவே, கருத்துப்படம் அவ்விதழுக்கு அணியாக நில்லாது, கருத்தைக் கொண்டுசெல்லும் கருவியாயிற்று.

கப்பலும் இதழும்

அதே ஆண்டு அக்டோபரில், ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வழி அதுவரை ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. அந்நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. பொதுமக்கள் பங்கு வாங்கினாலன்றிச் சங்கம் நிலைக்காது. பங்கு வாங்கவோ அவர்களுக்குச் செய்தியும் நம்பிக்கையும் தேவை. அத்தேவையை நிறைவுசெய்யும் பணியில் 'இந்தியா' துணைநின்றது. 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வந்தபோது, அதனை நாட்டின் வெற்றியாகவே அவ்விதழ் கொண்டாடியது.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12ஆம் நாள் தலைவர்கள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலையில் வ.உ.சி.க்கு 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பின்னர்க் குறைக்கப்பட்டது.

பொறுப்பின் விலை

அடுத்து அரசின் பார்வை 'இந்தியா' மீது விழுந்தது. அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயர்களைப் பதிவுசெய்து இதழில் காட்ட வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. எழுதியவர் யாராயினும், பதிவில் உள்ளவரே முதலில் பொறுப்பாவார். ஆகவே, இதழின் பொறுப்பாளராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் கைதாகிச் சிறைத்தண்டனை பெற்றார். எழுதிய கை ஒன்று. தளை பூண்ட கை மற்றொன்று. பாரதியும் கைதாகக்கூடும் என்றஞ்சிய நண்பர்கள், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு அவரை அனுப்பினர். அவர் தப்பியது கோழைமையா, பணியைத் தொடரும் உத்தியா என்னும் வினா இயல்பாக எழும். அடுத்து அவர் செய்த செயல்களே அதற்கு விடையாகின்றன.

எல்லைக்கு அப்பால்

1908 அக்டோபரில் புதுச்சேரியிலிருந்து 'இந்தியா' மீண்டும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'விஜயா' என்னும் நாளிதழிலும் பாரதி பணிபுரிந்தார். 'சூரியோதயம்', 'கர்மயோகி' ஆகிய இதழ்களும் அங்கிருந்து வந்தன. பிரெஞ்சு மண்ணிலிருந்த அச்சுப்பொறியைத் தொட ஆங்கில அரசுக்கு அதிகாரம் இல்லை. ஆயினும், இதழைப் படிப்போர் எல்லைக்கு இப்பால் இருந்தனர். அவர்களுக்கு இதழ் செல்லும் வழியை அரசு அடைத்தது. வாசகரிடம் சேராத இதழுக்குச் சந்தா வராது. சந்தா இன்றித் தாளும் மையும் வாங்க இயலாது. இவ்வாறு, அச்சகத்தைக் கைப்பற்றாமலே இதழின் மூச்சை நிறுத்த அரசால் முடிந்தது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. மறு ஆண்டு சுதேசி நாவாய்ச் சங்கமும் கலைக்கப்பட்டது.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதி, கடலூர் அருகே கைதாகிச் சில வாரங்கள் காவலில் இருந்தார். 1920இல் தாம் தொழில் பயின்ற 'சுதேசமித்திரனுக்கே' திரும்பி, 1921 செப்டம்பரில் மறையும்வரை அங்கே எழுதினார்.

கப்பல் கடலிலும் இதழ் அஞ்சலிலும் செல்ல வேண்டியவை. இரண்டின் வழிகளும் அடைபட்டன. ஆனால் கடலோடிய கப்பலின் தடம் நீரில் அழிந்துவிடும். அச்சேறிய சொல் தாளில் தங்கிவிடும். தூத்துக்குடித் துறைமுகத்தில் சாதாரண மக்கள் ஒரு பேரரசை எதிர்த்து நின்ற நாள்களை இன்றைய தலைமுறை அறிந்துகொள்ள, எஞ்சியுள்ள 'இந்தியா' இதழ்கள் சான்றாகத் திகழ்கின்றன.