பழைய காருக்கு 'கெட்டி ஆயில்' ஊற்றலாமா? செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் உஷார்!

சென்னை,

"வண்டி பழசாயிடுச்சு சார், கெட்டி ஆயிலா ஊத்திடுங்க. புகையும் வராது, சத்தமும் வராது." பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் யோசனை இது.

இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதி பாதி என்ஜினுக்கு வேட்டு வைத்துவிடும். பழைய கார் வாங்க வருபவரை ஏமாற்றவும் இதே வழிதான் பயன்படுகிறது.

மாருதி 800, அம்பாசிடர் கார்களின் உற்பத்தி 2014-ம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் அவை இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. சொந்த காருக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யை புதுப்பிக்க வேண்டும். அந்த செலவுக்கு பயந்து வண்டியை கைமாற்றி விடுபவர்களும் உண்டு. அப்போதுதான் இந்த 'கெட்டி ஆயில்' வேலை நடக்கிறது.

டப்பாவில் உள்ள எண் என்ன?

ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருப்பார்கள். 'டபிள்யூ' என்றால் வின்டர், அதாவது குளிர்காலம்.

முதல் எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. எண் குறைய குறைய, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். இரண்டாவது எண், என்ஜின் நன்றாக சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கானது. இதை 100 டிகிரி செல்சியசில் அளக்கிறார்கள். 30-ஐ விட 40 கெட்டி. 40-ஐ விட 50 கெட்டி.

சென்னையில் ஏது குளிர், முதல் எண் எதற்கு என்று நினைக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே சம்ப்பில் இறங்கிவிடும். காலையில் சாவியை திருப்பியதும் பம்ப் அதை மேலே ஏற்ற வேண்டும். அதுவரை பாகங்களில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான் பாதுகாப்பு. ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் மேலே ஏற தாமதமாகும். தேய்மானம் கூடும். மைலேஜும் அடிவாங்கும்.

புகை எப்படி மறைகிறது?

பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ, வால்வு ஆயில் சீல் இறுகிப் போனாலோ ஆயில் கசிந்து பெட்ரோலோடு சேர்ந்து எரியும். நீல நிறத்தில் புகை வரும். கெட்டி ஆயில் அந்த இடைவெளியில் கொஞ்சம் மெதுவாக கசியும். அதனால் புகை குறைந்தது போல தெரியும். டப்பெட் சத்தமும் அடங்கும். ஆனால் தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான். கொஞ்ச நாளில் புகை திரும்ப வரும். அப்போது என்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டியிருக்கும். அந்த செலவு புதிதாக வாங்கியவர் தலையில் விழும்.

எதை ஊற்றலாம்?

* முதலில் காரோடு வந்த கையேட்டை பாருங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு எந்த கிரேடு என்று அதில் இருக்கும். ஆயில் குறையாமல், புகை இல்லாமல் ஓடினால் அதை மாற்றவே வேண்டாம். வண்டிக்கு வயசாகி விட்டது என்பது மட்டும் காரணம் ஆகாது.

* சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஆறிய பிறகு டிப் ஸ்டிக்கில் அளவு பார்த்து குறித்து வையுங்கள். 1,000 கிலோ மீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

* ஆயில் குறைகிறது என்றால் இரண்டாவது எண்ணில் ஒரு படி மட்டும் ஏறலாம். 30 ஊற்றியவர் 40-க்கு போகலாம். 40 என்றால் 50. முதல் எண்ணை முடிந்தவரை கூட்டாதீர்கள்.

* புது கார்களுக்கான 0டபிள்யூ-20 போன்ற தண்ணி ஆயிலை பழைய என்ஜினில் ஊற்றக்கூடாது. அது இடைவெளி குறைவான என்ஜின்களுக்காக செய்யப்பட்டது.

* சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் லைட் எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்தி அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் மெக்கானிக்கிடம் ஆயில் பிரஷர் பார்க்க சொல்லுங்கள். பேரிங் தேய்ந்திருக்கலாம், பம்ப் பழுதாகி இருக்கலாம். கெட்டி ஆயில் ஊற்றி லைட்டை அணைப்பது தீர்வு ஆகாது.

வாங்கும் முன்பு...

பழைய கார் பார்க்க போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. "நான் வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லி விடுங்கள். பானெட்டை தொட்டு பார்த்தால் ஏற்கனவே ஓட்டியதா என்று தெரியும்.

ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை குப்பென்று வந்து நின்றால் வால்வு சீல் மீது சந்தேகப்படலாம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கில் கோளாறு இருக்கலாம். 20 நிமிடமாவது ஓட்டி என்ஜினை சூடாக்கி மறுபடி பாருங்கள். சூட்டில் கெட்டி ஆயிலும் இளகிவிடும். மறைத்து வைத்த சத்தமும் புகையும் வெளியே தெரிய வாய்ப்பு உண்டு.

கடைசியாக என்ன கிரேடு ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள், பில் இருந்தால் வாங்கி பாருங்கள். கையேட்டில் 30 என்று இருந்து பில்லில் 50 இருந்தால், தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.