பழைய சுவரில் புதிய பிளக் பாயிண்ட்

திருவனந்தபுரத்தில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1929-இல். கோட்டைப் பகுதியிலும் வலியசாலை, கரமனை அக்ரஹாரங்களிலும் ஓட்டுக்கூரையும் மரத் தட்டுமாக அந்தக் காலத்துச் சாயலுள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. பழைய வீட்டு ஒயரிங் என்றால் மரப் பட்டையின் மேல் கிளிப் அடித்து ஓடும், அல்லது மரக் கேசிங்குக்குள் மறைந்து போகும். ரப்பர் உறை போட்ட ஒயர், இரண்டு துளை பிளக் பாயிண்ட். விளக்கு, ஃபேன், ரேடியோவோடு நின்ற குடும்பத்துக்கு அது தாராளம்.

இப்போது அதே வீட்டில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கீசர். எல்லாமே மூன்று பின் பிளக்கோடு வருகின்றன. கடையில் மூன்று துளை சாக்கெட் வாங்கி மாட்டுவது சில நிமிட வேலைதான். ஆனால் பின்னால் வரும் ஒயர் இரண்டே இரண்டு. எர்த் துளைக்கு எதுவும் வராது.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. எர்த் முனையையும் நியூட்ரலையும் துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். வழியில் நியூட்ரல் அறுந்தால், ஃபிரிட்ஜின் இரும்பு உடம்பிலேயே 230 வோல்ட் ஏறி நிற்கும். திறக்கப் போகும் கைதான் அதற்கு வழி.

அமெரிக்க மின் விதிகள் எர்த் இல்லாத இடத்தில் மூன்று துளை சாக்கெட் வைக்க ஒரு சலுகை தருகின்றன: கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியின் பாதுகாப்பு வேண்டும், ‘எர்த் இல்லை’ என்று எழுதியும் ஒட்ட வேண்டும். ஆனால் இந்தியத் தரமான ஐஎஸ் 732 எதிர்பார்ப்பது மூன்று பின் சாக்கெட்டும் அதற்கு உண்மையான எர்த் இணைப்பும்.

அடுத்தது ஒயரின் தடிமன். பழைய ஒயர்மேன்கள் ‘3/22’ என்று சொல்லும் ஒயரின் செம்பு சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர்தான். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட அந்த ஒயரில் 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டினால் ஒயர் சூடேறும், இறுகிப்போன ரப்பர் உதிரும், பக்கத்திலேயே மரம். பவர் பிளக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுப்பதுதான் முறை.

சட்டம் இங்கே தெளிவாகவே கோடு போட்டிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, திறனோ தன்மையோ மாறாமல் சுவிட்சையோ ஃபியூஸையோ மாற்றுவதற்கு உரிமம் தேவையில்லை. உடைந்த 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்று வைப்பது அந்த வகை. அதை 16 ஆம்பியராக்குவதும் புது லைன் இழுப்பதும் அப்படியல்ல. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாக, பெர்மிட் உள்ள ஒயர்மேன் செய்ய வேண்டிய வேலை. கேரளத்தில் அவற்றை வழங்குவது மாநில மின் உரிம வாரியம்.

கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்துவது உயிர் காக்கும் செலவு. எர்த் இல்லாவிட்டாலும் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் எர்த் இருந்தால், கோளாறு வந்த கணமே துண்டிக்கும். இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரே இணைப்பவர்கள் உண்டு. ஈரச் சுவரில் பழைய ஒயர் கசிவதால்தான் அது விழுகிறது.

வீட்டில் இரண்டு துளை பாயிண்டோ, பழைய மரக் கேசிங்கோ இருந்தால் சாக்கெட் வாங்கப் போகும் முன் பெர்மிட் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். எர்த் தடையையும் ஒயர் உறையின் இன்சுலேஷனையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். எந்த சாக்கெட் வாங்குவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.