உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்

தனுஷ்கோடியில் கடலுக்கு மிக அருகிலேயே மணலில் ஊற்றுத் தோண்டி, மீனவர்கள் குடிநீர் எடுப்பதுண்டு. இருபுறமும் உப்புக்கடல், நடுவே நன்னீர் எப்படி வந்தது?

விடை அடர்த்தியில் இருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1000 கிராம். கடல்நீர் 1025 கிராம். மணலுக்குள் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், சமநிலையில் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் (1000 ÷ 25 = 40). இதைக் கைபன்–ஹெர்ட்ஸ்பர்க் விதி என்பர்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால், நாளடைவில் உப்புநீர் 4 மீட்டர் மேலேறும்! ‘ஆழத் தோண்டினால் நல்ல தண்ணீர்’ என்னும் உள்நாட்டு வழக்கம் இராமேசுவரம் தீவில் செல்லாது. ஆழம் போகப் போக உப்புதான்.

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இறைப்பதை ஒழுங்குபடுத்த அதே ஆண்டில் வந்த நிலத்தடி நீர்ச் சட்டமோ 2013இல் நீக்கப்பட்டது. சேர்க்கச் சட்டம் உண்டு. எடுப்பதற்குரிய அச்சட்டம் இல்லை. இது விந்தைதான்.

தெருவார் கூடிப் பேசும்போது முற்றத்தையும் கவனிக்க வேண்டும். மணல் முற்றம் மழையை உறிஞ்சும். சிமெண்டுத் தளம் சாக்கடைக்கு அனுப்பிவிடும். 100 சதுர மீட்டர் முற்றத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் தெருவில் எத்தனை லிட்டர் கடலுக்குப் போகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.