பணி மாறினாலும் அழைத்தல் ஒன்றே

பல ஆண்டுகள் செவிலியராய் உழைத்த ஒரு சகோதரி, "இனி வார்டில் நிற்க முதுகு இடம் கொடுக்கவில்லை, வேறு வேலை பார்க்கட்டுமா?" என்று கேட்டால், "இத்தனை காலம் செய்த சேவையை விடலாமா?" என்றுதான் நாம் சொல்வோம். இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அவர்களின் வாழ்வு நம்மைச் சற்று யோசிக்க வைக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலண்டனில் செவிலியர் பயிற்சி பெற்றவர் அவர். முதுகுவலியால் அப்பணியைத் தொடர இயலவில்லை. எனவே, நோயாளிகளின் குடும்பக் கவலைகளையும் பணக் கவலைகளையும் கவனிக்கும் சமூகப் பணியாளராக மருத்துவமனைக்கே திரும்பினார். அங்கே, போலந்திலிருந்து வந்து புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த ஒருவரின் தனிமையையும் வேதனையையும் அருகிலிருந்து கண்டார். 1948ல் இறந்த அம்மனிதர், சாண்டர்ஸ் கட்டவிருக்கும் இல்லத்தில் ஒரு சன்னலுக்காக 500 பவுண்டு விட்டுச்சென்றார்.

இறப்போரின் வலியைத் தணிக்க மருத்துவம் தெரிய வேண்டும் என உணர்ந்து, நாற்பதை நெருங்கும் வயதில், 1957ல் மருத்துவரானார். வலி திரும்பும் முன்பே, நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். 1967ல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். 2005ல் அங்கேயே உயிர் நீத்தார்.

செவிலியராய்க் கற்ற பரிவு மற்ற இரு பணிகளிலும் அவருக்குக் கைகொடுத்தது. நம் வீட்டுச் செவிலியரும் கற்பித்தலுக்கோ, இல்லம் தேடிச் செல்லும் பராமரிப்புக்கோ மாற விரும்பலாம். தடுக்கும் முன், அவர் மனத்தில் நிற்கும் நோயாளி யார் என்று கேட்போம்.