ஏவவும் மீட்கவும் கற்பித்தவர்

நம் நாட்டுப் பழங்கதைகளில் வீரர் பலர் உள்ளனர். வென்ற பின்பு படைக்கலத்தைக் கீழே வைத்துவிட்டு ஆசிரியராக மாறியவர் சிலரே. அவர்களுள் முதன்மையானவர் பரசுராமர். நாம் வாழும் கேரள மண்ணோடும் அவர் பெயர் இணைந்துள்ளது. அவர் தம் மழுவைக் கடலில் எறிந்தபோது கடல் விலகிக் கொடுத்த நிலமே கேரளம் என்று தொன்மம் கூறுகிறது.

பரசுராமர் சமதக்கினி முனிவரின் மகன். தந்தையைக் கொன்ற அரச குலத்தார்மீது சினங்கொண்டு, 21 முறை படையெடுத்து அரசர்களை வென்றார். பின்னர், வென்ற நிலம் முழுவதையும் காசியப முனிவருக்குத் தானமாக அளித்துவிட்டு, மகேந்திர மலையில் தவம் செய்யச் சென்றார்.

வறுமையால் வாடிய துரோணர் பொருள் வேண்டி அவரை நாடி வந்தார். பொன்னும் நிலமும் முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை பரசுராமரின் உடலும் படைக்கலங்களுமே. துரோணர் படைக்கலங்களைக் கேட்டார். பரசுராமர் அவற்றை வெறும் பொருளாகத் தந்துவிடவில்லை. ஏவும் முறையையும், ஏவியதை மீட்கும் முறையையும் சேர்த்தே கற்பித்தார்.

மீட்கும் முறை ஏன் தேவை? பாரதப் போரின் இறுதியில் அருச்சுனனும் துரோணரின் மகன் அசுவத்தாமனும் பேரழிவு தரும் கணைகளை எதிரெதிரே ஏவினர். முனிவர்கள் தடுத்தபோது, மனவடக்கம் உடைய அருச்சுனன் தன் கணையை மீட்டான். அசுவத்தாமனால் மீட்க இயலவில்லை. அவனது கணை, பிறவாத குழந்தையாகிய பரீட்சித்தின்மீது பாய்ந்தது. கண்ணன் அக்குழந்தையை உயிர்ப்பித்தான். ஏவுவது திறமை, மீட்பது பண்பு. இரண்டையும் ஊட்டுபவரே நல்லாசிரியர்.

வடகேரளக் களரிப்பயிற்று மரபினர் பரசுராமரைத் தம் முதல் குருவாகப் போற்றுகின்றனர். தென்னாட்டு முறையின் குருவாக அகத்தியர் கருதப்படுகிறார். களரியில் சேரும் மாணவர் கையில் முதல் நாளே வாள் கொடுக்கப்படுவதில்லை. முதலில் உடற்பயிற்சி, அடுத்துக் கோல், அதன் பின்னரே வாள் முதலிய கருவிகள். உடலின் மருமப் புள்ளிகளைப் பற்றிய அறிவு, தகுதி கண்ட பின்னரே கற்பிக்கப்படும். அடிக்கக் கற்பிக்கும் குருக்களே, எண்ணெய் தேய்த்து உழிந்து காயத்தை ஆற்றவும் கற்பிக்கிறார். வடகரையைச் சேர்ந்த மீனாட்சியம்மா குருக்கள் இக்கலையைக் கற்பித்தமைக்காக 2017-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எனினும், பரசுராமரின் கதையில் ஒரு துயரமும் உண்டு. கர்ணனுக்குப் பேராயுதத்தைக் கற்பிக்கத் துரோணர் மறுத்தார். எனவே கர்ணன் தன்னை அந்தணன் என்று பொய் கூறிப் பரசுராமரிடம் பயின்றான். உண்மை வெளிப்பட்டபோது, கற்றது தக்க தருணத்தில் மறந்துபோகும் எனப் பரசுராமர் சபித்தார். கர்ணன் பொய் கூறியது தவறே. ஆனால் பிறப்பைக் காரணம் காட்டிக் கல்வியை மறுத்ததும் தவறன்றோ? பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கோடு ஒப்பிடுகிறது. துலாக்கோல் ஒருபக்கம் சாயாமல் நிற்பது. கர்ணனின் முன்னே அந்தக் கோல் சாய்ந்துவிட்டது.

பெருமாட்டிக்கு அருகிலுள்ள சித்தூரில், ஆற்றங்கரையில், துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் உள்ளது. எழுத்தச்சன் என்பது எழுத்தறிவிக்கும் ஆசானைக் குறிக்கும் பெயர். பாரதக் கதையை மலையாளத்தில் பாடியவர் அவர். அவருடைய கிளிப்பாட்டின் வழியாகத் துரோணரையும் கர்ணனையும் இம்மண்ணின் மக்கள் அறிந்தனர்.

மாணவர்களே! இன்று வகுப்பறையின் கதவு அனைவருக்கும் திறந்திருக்கிறது. தமிழையும் மலையாளத்தையும் ஒருங்கே கற்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்துள்ளது. சொல்லும் ஒரு கணையே. அதை எப்போது ஏவுவது, எப்போது அடக்குவது என்பதை ஆசிரியரிடம் கேட்டு அறியுங்கள். கற்றதை உங்களுக்கு இளையவர் ஒருவருக்குக் கற்பியுங்கள். அதுவே ஆசிரியருக்கு நீங்கள் செலுத்தும் நன்றி.